நான் நேராக்கிய நிரை

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. பண்டாரவளைக்கும் பெரகல சந்திக்கும் இடையில், மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. பெருமழை தொடங்கவில்லை. பிற்பகலானால் மூடிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் கொட்டிவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா கொழுந்து எடுப்பவர். தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் எழுத்தோடு அவருக்குப் பழக்கமில்லை. நான் பதுளையில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்தேன். பிறகு கணினியில் படம் திருத்தும் டிப்ளோமாவும் முடித்தேன். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். இவ்வளவு நடந்த பிறகும் அது குறையவில்லை.

பண்டாரவளை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. முதலாளி முஸ்லிம். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, அடையாள அட்டைப் படம் என்று வழக்கமான வேலைகள் இருக்கும். இவற்றோடு சுற்றுலா விடுதிக்காரர்கள் வந்து சுவருக்கு நீளமான மலைக்காட்சி கேட்பார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழு மலைத்தொடரும் ஒரே படத்தில் வேண்டும். எந்த லென்ஸுக்குள்ளும் அது அடங்காது. கமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒட்டி ஒன்றாக்க வேண்டும்.

ஆரம்பத்தில் என் ஒட்டு வேலை படுமோசம். வானத்தில் ஒரு துண்டு வெளிச்சமாகவும் அடுத்த துண்டு மங்கலாகவும் வரும்.

"என்ன தங்கச்சி, ஆகாசத்துல வேட்டி காயப் போட்டிரிக்கீங்களா?" என்று நானா சிரிப்பார்.

எனக்கு ரோஷம் வந்துவிடும். இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். வெளிச்ச அளவை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கப் பழகினேன். ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வரும்படி எடுத்தேன். நாம் நின்ற இடத்தில் உடம்பைத் திருப்பினால் கமரா வட்டமடித்து இடம் மாறிவிடும். கமரா தன் இடத்திலேயே நின்று திரும்பினால்தான் கிட்ட இருக்கும் மரமும் தூர இருக்கும் மலையும் ஒன்றையொன்று விட்டு நகராது. அதற்காகக் கமராவுக்குக் கீழே நூலில் ஒரு கூழாங்கல்லைத் தொங்கவிட்டு, அது தரையில் ஒரே புள்ளிக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

தேயிலை மலையில் மட்டும் ஒரு தனித் தொல்லை இருந்தது. மென்பொருள் இரண்டு படங்களிலும் ஒரே மாதிரி இருக்கும் புள்ளிகளைத் தேடித்தான் ஒட்டும். தேயிலையில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி, எல்லா நிரையும் ஒரே மாதிரி. ஆகவே இந்தப் படத்தின் ஐந்தாவது நிரையைக் கொண்டுபோய் அந்தப் படத்தின் ஆறாவது நிரையோடு சேர்த்துவிடும். பார்த்தால் நிரைகள் எல்லாம் ஒட்டுமிடத்தில் ஒரு படி இறங்கி நிற்கும். மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் மென்பொருளை நம்பாமல், நானே ஒவ்வொரு நிரையாக இழுத்துப் பொருத்தக் கற்றுக்கொண்டேன்.

அப்படிச் செய்த முதல் படத்தை நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஒட்டு எங்கெண்டு எனக்கே வெளங்கல்ல தங்கச்சி."

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன். கால் வலித்ததாக நினைவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் ஓர் அத்தையும் மாமாவும் இருந்தார்கள். இரத்த உறவில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து அத்தை, மாமாதான். அத்தை அம்மாவோடு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர். மாமா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்குப் பின்னால் பட்டி போட்டு ஒரு பசுவும் கன்றும் வைத்திருந்தார். நான் விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும் நாட்களில் நான் கேட்காமலே ஒரு செம்புப் பால் வந்துவிடும்.

அந்த வீட்டின் பின்பக்கச் சிமெந்துத் தரை வெடித்தது. அத்தை அதைப் பூசி மூடினார். மறுபடியும் திறந்தது. பழைய லயம், எந்த வீட்டில்தான் வெடிப்பில்லை? ஆனாலும் மாமாவுக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு மேலே நிற்கும் மலையைப் பற்றித்தான் அவருடைய பயம். பட்டியைப் பிரித்துக் கோயிலடிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கம்பும் தகரமும் சேர்க்கத் தொடங்கினார். அந்த மலை சில மாதங்களுக்கு முன் கவ்வாத்து வெட்டிய மலை. செடிகளை அடியோடு ஒட்ட வெட்டிவிட்டால் மறுபடி தளிர்க்கும்வரை அங்கே கொழுந்து எடுக்கப் போக மாட்டார்கள். அதனால் யாரும் அந்தப் பக்கம் ஏறியிருக்கவில்லை.

நான் மண்சரிவைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். பேசிய அதிகாரி சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். நிறைய இடங்களிலிருந்து முறைப்பாடு வந்திருப்பதாகவும், படங்களைப் பார்த்துத்தான் எங்கே முதலில் போவது என்று முடிவு செய்வதாகவும் சொன்னார். தரை வெடிப்பை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவு முழுவதும் தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொன்னார்.

சரிவு முழுவதும் ஒரே படத்தில். அது என் வேலை அல்லவா!

"பெரிய பெரிய ஹோட்டலுக்கெல்லாம் மலைய புடிச்சுக் குடுக்கிற. நம்ம மலைய ஒருக்கா புடிச்சுக் குடு புள்ள," என்றார் அத்தை.

"குடுக்கும், குடுக்கும். ஆனா ஒன்னைய நடுவுல நிப்பாட்டச் சொல்லி அடம் புடிக்காத," என்றார் மாமா.

"ஏன், நின்னா என்னவாம்? மலைக்கு ஒரு அழகு வேணாமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாவின் கமராவையும் முக்காலியையும் இரவல் வாங்கிக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரோட்டு வளைவில் போய் நின்றேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் கவ்வாத்து மலையில் ஒவ்வொரு நிரையும் சீப்பால் வாரியது போலத் தெளிவாகத் தெரிந்தது. அத்தை வீட்டு வாசலில் நின்று சிவப்புத் துண்டை ஆட்டினார். அங்கிருந்து பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். நான் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி பட்டிப் பக்கம் நடந்து போனது.

மறுநாள் காலை ஸ்டூடியோவில் ஆட்கள் இல்லை. படங்களைக் கணினியில் போட்டு ஒட்டவிட்டேன். வந்த படத்தில் அத்தை இரண்டு இடத்தில் நின்றார். வாசலில் ஓர் அத்தை, பட்டியடியில் ஓர் அத்தை. இரண்டு படங்கள் எடுப்பதற்கிடையில் நடந்ததால் வந்த வினை. நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பட்டியடி அத்தையை அழித்தேன். ஒட்டில் வந்த ஒரு தவறைத் திருத்தியாயிற்று.

பிறகுதான் அடுத்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு நேர் மேலே, இரண்டு படங்கள் சேருமிடத்தில் நிரைகள் உடைந்து நின்றன. இடப்பக்கத்திலிருந்து நேராக வந்த நிரை அங்கே ஒரு படி இறங்கி, பிறகு மறுபடி நேராகப் போனது. ஒரு செடியின் பாதி உயரம்கூட இருக்காது. ஒரு நிரை மட்டுமல்ல. மேலிருந்து கீழ் வரை, அந்தக் கோட்டில் எல்லா நிரைகளுமே.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. இதே படியை எத்தனை தேயிலைப் படங்களில் பார்த்து, எத்தனை முறை திருத்தியிருக்கிறேன்! அதோடு அது நான் பிறந்ததிலிருந்து பார்த்த மலை. நிரை என்றால் மலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடும். பாதி வழியில் படி இறங்காது. தேயிலையைத் தெரியாத ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால், இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார். எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் யோசிக்கவில்லை.

ஒவ்வொரு நிரையாகப் பிடித்து இழுத்தேன். வலப்பக்கத்தை மெல்ல மெல்ல உயர்த்தி இடப்பக்கத்தோடு பொருத்தினேன். சேருமிடத்தில் நிறத்தைக் கரைத்துவிட்டேன். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவும் மறந்துவிட்டேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, அதுவரை நான் செய்தவற்றிலேயே அழகான படம் அதுதான் என்று தோன்றியது. தரை வெடிப்பின் படத்தோடு சேர்த்து அதை அதிகாரிக்கு அனுப்பினேன். அத்தைக்காக ஒரு பிரதி பெரிதாக அச்சிட்டும் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை லயமே கூடிப் படத்தைப் பார்த்தது. அத்தை இரண்டாக வந்த கதையையும் சொன்னேன்.

"அட, அழிச்சிட்டியே! ரெண்டு பேரா மலைக்குப் போயிருந்தா ரெண்டு நாள் சம்பளம் போட்டிருப்பாங்களே," என்றார் அத்தை.

"ஒன்னு பேசுறதையே தாங்க முடியல. ரெண்டாமுல்ல," என்று மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி ஃபோன் செய்தார். "படம் நல்லா தெளிவா இருக்கு. சறுக்கல் மாதிரி ஒன்னும் தெரியல்ல, நிரை எல்லாம் சரியா இருக்கு. ஆபத்து தெரியிற இடங்களுக்கு முதல்ல போறோம். உங்க இடத்துக்கும் வருவோம். மழை கூடினா மட்டும் அந்த வீட்டுல நிக்க வேணாம்னு சொல்லுங்க."

நான் இதை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் படத்தைப் பார்த்தே ஓர் அதிகாரி முடிவு சொல்லியிருக்கிறார் என்ற பெருமை என் குரலில் இருந்திருக்கும். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மாமா சேர்த்து வைத்த தகரத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "அப்ப தீபாவளி முடியட்டும். பட்டிய அவசரமில்லாம ஆறுதலா மாத்திக்குவோம்," என்றார்.

தீபாவளி முடிந்ததும் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. அதிகாரி சொல்லியிருந்தபடி அந்த வரிசையில் இருந்தவர்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அத்தையும் மாமாவும் கூடத்தான். ஆனால் பசு பட்டியிலேயே இருந்தது. மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டதும், புல் போட்டுவிட்டு வருகிறேன் என்று மாமா போனார்.

நான் ஸ்டூடியோவில் இருந்தேன். அம்மா ஃபோன் செய்தார். அம்மா ஃபோனில் எப்போதும் கத்திப் பேசுவார். அன்று குரலே எழும்பவில்லை.

"மலை வந்துருச்சு பாப்பா. மாமா பட்டியில இருக்காரு."

பாதி வழியில் ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. மீதியை நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் மாமாவை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பட்டி இருந்த இடத்தில் தேயிலைத் தூர்கள் வேரோடு குவிந்து கிடந்தன. கடைசி வீட்டின் பின்சுவர் இல்லை. பசுவும் கன்றும் போய்விட்டன. மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வாரமே அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து சரிவைப் பார்த்தார்கள். ஃபோனில் என்னோடு பேசிய அதிகாரியும் வந்திருந்தார். நடுத்தர வயது மனிதர், கால்சட்டையில் முழங்கால் வரை சேறு. அவர் தன் ஃபோனில் என் படத்தைத் திறந்து, மலையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஒரே படமா, ஒட்டினதா?"

"ஒட்டினது சேர்."

"ஒட்டுறதுக்கு முந்தின படங்கள் இருக்கா?"

இருந்தன. மறுநாள் அவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். வீட்டுக்கு மேலே உள்ள மலை வரும் படத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். திரையில் விரலை வைத்து ஒரு நிரையின் வழியே மெல்லக் கொண்டுபோனார். விரல் ஓரிடத்தில் நின்று, ஒரு படி இறங்கி, மறுபடி நேராகப் போனது.

அது ஒட்டாத படம். ஒரே தடவையில் எடுத்த ஒரே படம். அதற்குள் ஒட்டுப் பிழை எப்படி வரும்? அடுத்த படத்தைத் திறந்தேன். அதிலும் அதே இடத்தில் அதே படி. மென்பொருள் சரியாகத்தான் ஒட்டியிருந்தது. நான் அந்தப் படங்களை எடுத்த காலையிலேயே நிலம் ஒரு படி இறங்கிவிட்டிருந்தது. ஒட்டுப் பிழைதானா என்று தெரிந்துகொள்ள, தனிப் படத்தைத் திறந்து ஒரு தடவை பார்த்தால் போதும். ஸ்டூடியோவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். அன்று நான் அதைப் பார்க்கவில்லை. முழுப் படத்தை அழகாக்குவதிலேயே இருந்தேன்.

"இத பாத்திருந்தா அன்னைக்கே வந்திருப்போம்," என்றார் அதிகாரி. பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார் போல, அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "வந்தாலும் மலைய நிப்பாட்டியிருக்க முடியாதும்மா. அது எப்படியும் வந்திருக்கும்."

மலை வந்திருக்கும். ஆனால் பட்டி அங்கே இருந்திருக்காது. நானா ஒரு கோப்பை பிளேன்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிறே அத்தையிடம் போய்ச் சொன்னேன். மாமா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், அத்தை கோயிலுக்குப் பக்கத்தில் தற்காலிகமாகப் போட்ட தகரக் கொட்டகையில் இருந்தார். மாமா சேர்த்து வைத்த தகரங்களும் அதில் இருந்தன. படத்தில் நிரை உடைந்திருந்ததையும், அதை ஒட்டுப் பிழை என்று நினைத்து நான் இழுத்து நேராக்கியதையும், அதனால்தான் அதிகாரிக்கு ஒன்றும் தெரியாமல் போனதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, திட்டு வரட்டும் என்று காத்திருந்தேன்.

அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "நீ படத்துல நேராக்குனதால மண்ணு நேரா நின்னுச்சா?"

"இல்ல அத்தை."

"பொறகென்ன? போயி மொகத்தக் கழுவிட்டு வா. ஆஸ்பத்திரிக்கு மாமாவப் பாக்கப் போறப்ப மூக்கச் சிந்திக்கிட்டு நிக்காத."

நான் அழுதது அப்போதுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அத்தைக்கு நான் சொன்னது புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். வாசல்வரை வந்து என்னை வழியனுப்பியபோது அவர் தாழ்ந்த குரலில், "மாமாகிட்ட பட்டி மாத்துற பேச்ச மட்டும் எடுக்காத. அவரு அதையேதான் நெனச்சுக்கிட்டிருக்காரு," என்றார். எல்லாம் புரிந்துதான் இருந்தது.

இப்போது அவர்களுக்குத் தோட்டத்தின் மேல்பகுதியில் புது வீடு கிடைத்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் நான் அச்சிட்டுக் கொடுத்த அந்த நீளப் படம் மாட்டியிருக்கிறது. பழைய வீடு, பட்டி, மலை எல்லாம் சேர்ந்திருக்கும் ஒரே படம் அவர்களிடம் அதுதான். நிரை உடைந்திருக்கும் உண்மையான படத்தை அச்சிட்டுத் தருகிறேன், இதைக் கழற்றிவிடுங்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"ஒடஞ்சத எதுக்குச் சுவத்துல மாட்டணும்? இதுல எல்லாம் நல்லா இருக்கு," என்றார் மாமா.

அந்த அதிகாரியோடு பேசி, இப்போது பக்கத்துத் தோட்டங்களின் சரிவுகளையும் எடுத்து அனுப்புகிறேன். ஒட்டாத படங்களை முதலில் அனுப்புவேன், ஒட்டிய படம் பிறகு. நிரை படியிறங்கி நின்றால் நான் கை வைப்பதில்லை. விடுதிக்காரர்களுக்கான மலைக்காட்சிகளையும் விடவில்லை. அவற்றில் என் கை இன்னும் தேர்ந்திருக்கிறது என்று நானா சொல்கிறார்.

மாமா வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால், கட்டைக் கம்பை ஊன்றி எழுந்து, படத்தடிக்குப் போய், "இந்தா, இதுதான் எங்க வீடு. இதுதான் பட்டி. நம்ம புள்ள எடுத்தது, ஒரு ஒட்டுத் தெரியுதா பாருங்க," என்பார். வந்தவர்கள் கிட்டப் போய்த் தேடிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்பார்கள். எனக்கு மட்டும், கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுவரில் விரலை வைக்கச் சொன்னாலும், நிலம் இறங்கிய அந்த இடத்தில்தான் விரல் போய் நிற்கும்.